இரண்டு மீட்டர் அறுபது

ட்ராம் ஓட்டுகிறவளுக்கு
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்.
பதினோரு வருடம்
அந்தப் பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளி, இழுத்து
உடம்பு எழுதிவைத்த கணக்கு.
ஹாங்கரில் தொங்கும் கோட்டுகளுக்கு
அந்தக் கணக்கு தெரியாது.
போன குளிர்காலம் முழுக்க
காது அறுந்த பை மாதிரி
என்மேல் தொங்கியது ஒன்று,
தவணையில் வாங்கியது.

இந்த முறை துணி.

வூச் நகரத்தில் துணிக்கா பஞ்சம்?
ஆனாலும் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
முதல் கடையில் எல்லாம் மீன்தோல் வழுக்கல்.
இரண்டாவதில் விலைச்சீட்டைப் பார்த்ததும்
தொட்ட கையைத் தானாகவே
பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.
மூன்றாவது, ஒரு முற்றத்தின் கடைசியில்,
சைக்கிள்களைத் தாண்டி.

சீட்டில் எழுதியிருந்தது:
சாம்பல் நிறம். அழுக்குத் தெரியக் கூடாது. மூன்று மீட்டர்.
கை போய் நின்றதோ
ஒரு பச்சையில்.
வெள்ளரிக்காய் ஊறிய ஜாடியை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வருமே,
அந்தப் பச்சை.
கழுத்தில் வைத்துப் பார்த்தேன், லேசாகக் கடித்தது.
கடிக்காத கம்பளியை நம்பாதே என்பது என் கட்சி.

கடைக்காரர் ஸெனோபியுஷ்
ஓரத்தில் ஓர் இழை உருவித்
தீக்குச்சியில் காட்டினார்.
முடி பொசுங்கும் நாற்றம்.
"ஆட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார்.

பிறகு மரக்கோல்.
ஒன்று.
இரண்டு.
அறுபதில் உள்ளே இருந்த அட்டை தெரிந்துவிட்டது.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல்:
"அதில் எனக்கு நாற்பது சென்டிமீட்டர் வேண்டும்.
கரடிக்கு."

பெயர் கயெதான்.
பொம்மலாட்டக்காரனாம். தாடியில் மரத்தூள்.
பச்சையாகவா இருக்கும் கரடி, என்றேன்.
பாசியில் உருண்டு எழுந்த கரடி, என்றான்,
நேரில் பார்த்தவன் போல.

நான் பதில் சொல்லாமல்
பையிலிருந்து செய்தித்தாள் அச்சுகளை எடுத்து
மேஜையில் பரப்பினேன்.
முதுகு. முன்பக்கம் இரண்டு. கைகள்.
ஸெனோபியுஷ் கல்லாப்பெட்டியை நகர்த்தினார்.
உரோமம் சாய்கிற திசைக்கே
எல்லாத் துண்டும் படுக்க வேண்டும்,
தண்டவாளம் மாதிரி, எதிர்த்திசை கிடையாது.
முழங்கால் மூடினால் காலர் இல்லை,
காலர் வைத்தால் கை எட்டாது.
அரை மணி நேரம் மூன்று பேரும்
நிலத்தகராறு போல்
எல்லையை இழுத்து இழுத்துப் பார்த்தோம்.
காலரின் அடிப்பக்கத்துக்கு வேறு துணி என்றார் அவர்.
கீழ்மடிப்பை இரண்டு விரல் குறை என்றான் இவன்.

குறைத்தேன்.
அடங்கியது.
நாற்பது சென்டிமீட்டர் மட்டும் எங்கும் மிஞ்சவில்லை.

கயெதான் குனிந்து, தோள் அச்சுகள் இரண்டையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்தான்.
"இடது பக்கம் பிசகியிருக்கிறதே, தப்பா?"

"தப்பு இல்லை. அது நான்."

அவன் சிரிக்கவில்லை. அது பிடித்திருந்தது.
அச்சுகளுக்கு இடையே விரல் வைத்தேன்.
இதோ, அக்குளில் விழும் பிறைகள்.
கழுத்துக் குழிவு. பக்கவாட்டில் ஓர் ஆப்பு.
கரடிக்குக் காது இரண்டு வரும், மூக்கு வரும்.
வயிற்றுக்கு நீதான் வழி பார்க்க வேண்டும்.
வெட்டியதும் தருகிறேன்.
வியாழன் காலை ஆறு நாற்பது,
பத்தாம் எண், முதல் கதவு.

ஸெனோபியுஷ் நேர்கோட்டில் ஒரே வெட்டு வெட்டினார்.
கொசுறாக ஒரு சாண் லைனிங்,
தேன் நிறம், ஓரத்தில் எண்ணெய்க் கறை.

வியாழன் அன்று நிறுத்தத்தில் இருபது நொடி.
கதவு திறந்தது, பையை நீட்டினேன்,
வாங்கிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஓடினான்.
டிக்கெட் எடுக்காமல் என் ட்ராமில் வந்த ஒரே பயணி
அந்தக் கரடிதான், அதுவும்
ஏறவேயில்லை.

இன்று முதல் பனி.
மேஜையில் கிடக்கிறது என் கோட்டு,
ஒரு கை ஏறி, ஒரு கை ஏறாமல்.
ஏறாதது இடது.
மூன்று முறை தைத்து, மூன்று முறையும் பிரித்தாயிற்று.

கடந்த ஞாயிறே அரங்கேறிவிட்டதாம் கரடி.
வயிறு என்னவோ பழுப்பாம்.
குழந்தைகள் அதன் காதைப் பிடித்துப் பார்க்க
வரிசையில் நிற்கிறார்களாம்.

கடிக்கிறது என்று
இதுவரை யாரும் சொல்லவில்லையாம்.