பக்கம் 41

பின்னிரவு 2.17.
தெங்கா காட்டின் ஏழாம் கேமராவில்
ஓர் அழுங்கு.
வாலடியில் தொற்றிக்கொண்டு குட்டி.

எண்ணிக்கை ஒன்றா, ஒன்றரையா என்று
ரிஸ்வானா சிரிக்கிறாள்.
இரண்டு என்று எழுதுகிறேன்.
அறிவியல் பெயர்: மானிஸ் ஜவானிகா.
அழுங்கு என்றால் வருந்து என்றும் பொருள்;
அதற்குக் கட்டம் இல்லை.

தாக்கம்?
பெரிது, நடுத்தரம், சிறிது.
கீழே இழுத்தால் மூன்றே சொற்கள்.

தீவு சின்னது.
எதை வைத்தாலும்
எதன் மேலோதான் வைக்க வேண்டும்.
அதனால் நடுவே ஒரு பச்சைப் பாதை விடுவோம்,
எட்டுப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தலாம்,
அவ்வளவு அகலம்.
வரைபடத்தில் அதற்கு நிறம் கொடுத்தது நான்தான்.
முதலில் கொடுத்த பச்சை
அச்சில் சாம்பலாக விழுந்தது,
மாற்றினேன்.

மதியம் வீவகவிலிருந்து குறுஞ்செய்தி.
லோகேந்திரனும் நானும் கேட்ட நாலறை வீடு,
வரிசை எண் 212.
"கிடைச்சிடும்!" என்று அவன் போனில் கத்துகிறான்.
நானும் கத்தினேன்,
அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு விற்பனை வரைபடத்தை
அறிக்கையின் மேல் வைத்துப் பார்த்தேன்.
ஆறு மாதமாக நாங்கள் விரலால் தொட்டுத் தொட்டு வைத்திருந்த புளோக்,
ஏழாம் கேமரா கட்டிய மரத்தடியில்
தொடங்குகிறது.

மணி ஆறரை.
ரிஸ்வானா விளக்கணைக்கக் காத்திருக்கிறாள்.
சுட்டி இன்னும்
நடுத்தரத்தின் மேல் துடிக்கிறது.