சோத்தோங்கின் மீதி இரண்டு கை

இரவு மணி ஒன்று நாற்பது.
அம்மாவின் கைப்பேசி டிங் என்றது.
கூப்பிட்டது ஆள் இல்லை,
குளுகோர் ஆய்வுக்கூடத்து ரோபோ:
"நின்றுவிட்டேன். வந்து பார்க்கவும்."

அப்பாவுக்குப் பட்டர்வொர்த்தில் இரவு வேலை.
அதனால் நானும் என் தலையணையும்
மழையோடு மழையாகக் காரில் ஏறினோம்.

ரோபோவின் பேர் சோத்தோங்.
முகம் கிடையாது, கால் கிடையாது.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை,
கை நுனியில் எட்டுக் குழாய்.
குனியும், உறிஞ்சும், நகரும், சொட்டும்.
சர்… டிக். சர்… டிக்.
"கணவாய்க்குப் பத்தாச்சே,
இதுக்கு எட்டுதானே இருக்கு?"
போன மாதம் நான் கேட்டேன்.
சியூ லிங் ஆண்டி கொஞ்சம் யோசித்து,
"மீதி ரெண்டும் லீவுல இருக்கு" என்றார்.

தீவெங்கும் பொறி வைத்துப் பிடித்த கொசுக்களை
ஊர்வாரியாக அரைத்து நீராக்கி,
எதில் டெங்கிக் கிருமி என்று தேட வேண்டும்.
பணியாரக் கல் பார்த்திருப்பீர்கள்.
அதை உள்ளங்கைக்குள் சுருக்கித்
தொண்ணூற்றாறு குழி போட்டால்
அதுதான் தட்டு.
குழிக்கு மூன்று திரவம்,
ஒவ்வொன்றும் எறும்பு குடிக்கிற அளவு.

முன்பு இதெல்லாம் அம்மாவின் கட்டைவிரல் வேலை.
அழுத்து, விடு, அழுத்து, விடு,
தட்டுக்கு இருநூற்று எண்பத்தெட்டுத் தடவை!
ராத்திரி கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே
"அறுபதாவது குழியா, அறுபத்தொண்ணா,
மறந்துட்டேன்டி" என்பார்.
மறந்தால் தட்டு முழுதும் குப்பைக்கு.

சோத்தோங் மறக்காது.
கொட்டாவி விடாது.
நாம் தூங்கும்போதும் சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கு மட்டும்
கை பாதி வழியில், அந்தரத்தில்.
அம்மா விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.
குழாய் முனைகள் அடுக்கிய பெட்டி
ஒரு மூலையில் அரிசி கனம் தூக்கியிருந்தது.
அவ்வளவுதான்!
ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும்,
பூனைக்குக்கூடத் தெரியும்.
சோத்தோங்குக்குத் தெரியவில்லை.
சொன்னதை லட்சம் தடவை செய்யும்,
சொல்லாததை ஒரு தடவையும் செய்யாது.
"தெரியலேன்னதும் நின்னுச்சு பாரு,
அதுவே பெரிய விஷயம்" என்றார் அம்மா.
(கணக்குப் பரீட்சையில் நான் நிற்பதில்லை.)

கையுறை மாட்டி, இரண்டு கையாலும்
பெட்டியை மெல்ல அழுத்தினார்.
டக்.
நான் எண்ணினேன். எட்டு. அப்புறம் இரண்டு.
ஆண்டியிடம் சொல்ல வேண்டும்,
லீவு முடிந்துவிட்டது.

நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.
தட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்ச்
சூடாகி, ஆறி, மறுபடி சூடானதாம்.
விடிந்து பார்த்தால் திரையில்
கோடுகள் எல்லாம் படுத்துக் கிடக்க,
ஒன்று மட்டும் ஏறியிருந்தது.
அது அம்மாவே கிருமி வைத்த சோதனைக் குழி,
ஏறத்தான் வேண்டும்.
ஆனால் இன்னொன்றும் ஏறியது,
பினாங்கு மலை ரயில் மாதிரி!

"மூன்றாம் வரிசை, ஏழாம் குழி"
என்று மட்டும் இயந்திரம் எழுதியது.
ஆச்சரியக்குறிகூடப் போடவில்லை.
"ஏன் அங்க மட்டும்?"
கேட்டது சியூ லிங் ஆண்டி.
வரைபடத்தில் விரல் ஓடி ஓடி
ஜெலுத்தோங்கில் நின்றது.
டயர் கடைக்குப் பின்னால் வைத்த பொறி.
"மழைத் தண்ணி தேங்கியிருக்கும்" என்றார் அம்மா,
டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டே.
ஆண்டி ரப்பர் பூட்ஸ் மாட்டினார்.

சர்… டிக்.
சோத்தோங் அடுத்த தட்டைத் தொடங்கிவிட்டது.
நானோ இன்னும் பல்லே விளக்கவில்லை.