பதினேழாவது அடுக்கு

ஒலுவிலில் போட் பட்டறை.
ரெசின் வாசம் காற்றுக்கு முன்னால் வந்துவிடும்.
வேலிக்கு அப்பால் துறைமுகம்,
வாய் நிறைய மணலோடு.

ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை இரண்டு விரலால் பிடித்து
பின்பலகையைத் தட்டிக்கொண்டு போகிறேன்.
நாற்பது குதிரை எஞ்சின் ஏறப்போகிற இடம்.
டிங். டிங். டிங்.
டிங்.
டொக்.

நிறுத்துகிறேன்.

ஆறு வருசம் மலேசியாவில்.
தலைக்குத் தொப்பி, அதன்மேல் இன்னொரு தொப்பி,
கையுறை, வாய்மூடி.
ஒரு முடி விழுந்தாலும் எழுதிவைக்க வேண்டும்
எந்த மேசை, எத்தனை மணி என்று.
காபன் துணி உறைபெட்டியிலிருந்து விறைத்து வரும்,
மெல்ல இளகும், பிறகு ஒட்டும்.
கூரையிலிருந்து பச்சைக் கோடு விழுந்து இடம் காட்டும்.
ஒன்று நேராக, ஒன்று குறுக்காக, ஒன்று சாய்வாக.
மருதமுனையில் பிறந்தவளுக்குப் பாவும் ஊடும்
யாரும் படம் கீறிக் காட்டத் தேவையில்லை.
சாய்வுதான் புதிது.
இழுக்கிற விசைக்கு நேர், முறுக்கிற விசைக்குச் சாய்வு.
நடுவில் ஒரு தேன்கூடு, தேனில்லாதது,
தாளால் செய்தது.
இதுவா தாங்கும் என்றேன்.
கணக்கு அப்படித்தான் என்றான் சுஹைமி.
ஆள் உயரக் கூட்டை இரண்டு பெண்களாகத் தூக்கிய அன்றுதான்
கணக்கை நம்பினேன்.

ஜெட் எஞ்சினுக்குச் சட்டை தைக்கிறேன் என்று
உம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன்.
"எஞ்சினுக்குக் குளிருமா புள்ள?"

நோன்பு மாதம். பின்னேரம் நாலு மணி.
இருபதாவது அடுக்கை அழுத்தித் தடவும்போது
பதினேழாவது நினைவுக்கு வந்தது.
உரித்தெடுத்த மேல்தாளில் ஒரு நகமளவு கிழிந்ததே,
அதை எடுத்தேனா
உள்ளே விட்டேனா?
சொன்னால் முழுக் கூடும் குப்பை.
என் மூன்று வருசச் சம்பளம்.
சொன்னேன்.
பிரித்தார்கள், ஒவ்வொன்றாக.
பதினேழில் ஒன்றும் இல்லை.
தாள் என் சப்பாத்தின் அடியில் ஒட்டிக் கிடந்தது.

யாரும் ஏசவில்லை.
ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் இல்லை.

திரும்பி வருகையில் இறக்கை அருகே சீட்.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் பூசிய கூடு,
உள்ளே நெருப்பு.
எங்கள் மேசையில் பிறந்ததோ
வேறெந்த ஊர்ப் பெண்ணின் மேசையிலோ, தெரியாது.
பக்கத்தில் இருந்தவர் நித்திரை. விமானமே நித்திரை.
கட்டுநாயக்கா வரை நான் மட்டும்
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி
அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டொக்.
உள்ளங்கை அகலம். சோக்குக் கட்டியால் வட்டம் போடுகிறேன்.
பலகைக்கும் பைபருக்கும் நடுவே காற்று.
மாரி வந்தால் அந்த இடத்தில் தண்ணீர்.
போட்காரர் உதுமாலெப்பை இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.
"என்னகா றிபாயா, இது பிளேனா?
பழுதானா நிக்கும். விழாதே!"
பட்டறை முழுக்கச் சிரிக்கிறது. நானும்.

சரிதான், விழாது.
முப்பது மைல் தள்ளி
எஞ்சின் பின்பலகையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும்.
போட் மிதக்கும், நாலு பேரோடு,
காற்று போகிற பக்கம்.

கிரைண்டரைச் சொருகுகிறேன்.
வெட்டித் திறந்தால் பழுது இருக்கலாம்,
குத்தி பொய் சொல்லியிருக்கலாம்.
இரண்டுக்கும் இங்கே கூலி ஒன்றுதான்,
பகல் சோற்றோடு.

"மூக்கைப் பொத்துங்க, தூள் பறக்கும்."
உதுமாலெப்பை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு
ஓர் அடி பின்னால் போகிறார்.
பிறகு, குனிந்து பார்க்க,
இரண்டு அடி முன்னால்.