வடசென்னையில் பனி விழும் இடம்

காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்குப் பின்புறம்,
கம்ப்ரஸர் ரூமில்.
அமோனியா பைப்பின் மேல்
ராத்திரி பகல் பாராமல் விழுகிறது.
விழுகிறது என்பது தப்பு.
ஒட்டுகிறது.
காற்றில் திரிந்த ஈரம்
குளிர்ந்த இரும்பைத் தொட்டதும்
வெள்ளையாய் உட்கார்ந்துவிடுகிறது.

அதைச் சுரண்டுவது என் வேலை.
பேர் சகாயராஜ். சம்பளச் சீட்டில் ‘ஹெல்பர்’.
சேர்ந்த வருஷம்
ஷிஃப்டுக்கு ஒரு பக்கெட்.
சாக்பீஸால் சுவரில் கோடு போடுவேன்.
இப்போது இரண்டு.
புழுக்கமான நாளில் மூன்றாவதும் பாதி.
கதவு ரப்பர் போயிடுச்சு என்றார் மேனேஜர்.
ரப்பர் மாற்றினார்கள்.
கோடு குறையவில்லை.
(எனக்குப் படிப்பு கிடையாது.
ரப்பர் மேல் இன்னும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.)

தம்பி ஆரோக்கியம் லடாக் பக்கம் பட்டாளத்தில்.
அவனுக்கும் பனி சுரண்டுகிற வேலைதான், மண்வெட்டியால்.
முன்பு வந்தது மாவு மாதிரி, உதறினால் போய்விடுமாம்.
போன வருஷம் ஈரச் சிமெண்டு மாதிரி
ஒரே ராத்திரியில் இறங்கி
ஷெட்டின் இடுப்பை முறித்தது.
மறுவாரம் அதே இடத்தில் மழை.
“பனி மேல மழைண்ணே, பாத்துக்கிறியா?”
இல்லை.
நான் பார்த்தது மழை மேல் மழை.

“ஒரு டிகிரி சூடு ஏறினா
காத்து நூத்துக்கு ஏழு தண்ணி கூடப் புடிக்குமாம்.”
டிவியில் கேட்டதை மும்தாஜ் அக்கா
மீன் கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள்.
எனக்கு வட்டிக் கோதண்டம் ஞாபகம் வந்தான்.
நூத்துக்கு ஏழு.
அதே ரேட்டு.

அப்படிப் பார்த்தால் விளங்குகிறது.
கடல் சூடாயிருக்கிறது, கேட்டதும் கொடுக்கிறது.
காற்று வாங்கி வாங்கி மடியில் கட்டுகிறது.
ஐப்பசி முழுக்க ஒரு சொட்டு இல்லை,
லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை,
வானம் கடன்காரனைப் போல
வேறு தெருவழியாய்ப் போகிறது.
பிறகு ஒரு ராத்திரி
அசலும் வட்டியுமாய் மொத்தத்தையும் கொண்டுவந்து
கொருக்குப்பேட்டையில் எங்கள் வாசலில் கொட்டுகிறது.
யார் பத்திரமோ.
எங்கள் கைநாட்டு அதில் இல்லை.

கார்த்திகையில் அப்படி ஒரு ராத்திரி.
பத்து மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள்.
கம்ப்ரஸர் மூச்சை விட்டது.
ரெஜினா போனில்:
“மிஷினை கட்டில் மேல ஏத்திட்டேன்.
கட்டிலை எது மேல ஏத்துறது?”
அதற்குப் பிறகு போனும் இல்லை.

இருட்டில் முந்நூறு பார் ஐஸ்
ஒவ்வொன்றாய்த் தோள் சரிந்து
சத்தமில்லாமல் கதவுக்கடியில் வெளியேறின.
வெளியே போன தண்ணீரை
கால்வாய் ஏற்கவில்லை, திருப்பி அனுப்பியது.
நாங்கள் உறைய வைத்ததும்
வானம் சேர்த்து வைத்ததும்
வாசற்படியில் கலந்தன.
கண்ணுக்கு ஒரே கறுப்பு.
காலுக்குத்தான் தெரிந்தது,
ஒன்று சில்லென்று, மற்றது வெதுவெதுப்பாய்.

நான் நடந்தேன். இடுப்பளவு.
ஒரு கேஸ் சிலிண்டர் என்னோடு கூடவே வந்தது
மூலைக்கொத்தளம் வரைக்கும்.
ரெஜினா மாடிப்படியில் இருந்தாள்
மும்தாஜ் அக்காவின் இரண்டு ஆடுகளோடு.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
ஆடுதான் தும்மியது.

நாலாம் நாள் கரண்ட் வந்தது.
சுவரில் சாக்பீஸ் கோடுகள் போய்
அவற்றுக்கு மேலே ஒரே ஒரு கோடு,
எண்ணெய்க் கறுப்பில், நேராக,
மழை தானே போட்டது.
பைப் முதலில் நனைந்தது,
பிறகு மெல்ல வெளுத்தது.
சாயங்காலத்துக்குள் ஒரு பக்கெட் நிரம்பியது.

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு
சேற்றில் வந்து நின்றான் கோதண்டம்.
பக்கெட்டை நீட்டினேன்.
“இந்தா, இந்த மாச வட்டி.”
முறைத்தான். பிறகு
ஒரு கை அள்ளி
பிடரியில் அப்பிக்கொண்டு கண்ணை மூடினான்.
எங்கள் இருவருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது,
மார்கழி பிறக்க மூன்று நாள் இருந்தது.

ஈரக்கையோடு நோட்டைப் புரட்டி
என் பேருக்கு எதிரே
‘பாக்கி’ என்று எழுதினான்.
மை கொஞ்சம் கரைந்தது.