இரண்டாம் பந்தி

சேடூனாவில் விடிய ஐந்தரைக்குத்
திறப்பைத் திருப்பினார் ஞானரூபன்.
வான் ஒருதரம் இருமியது.
பிறகு அதுவும் இல்லை.

"நீ பூட்டின வயர்தான்."
தலை பொனற்றுக்குள், குரல் மட்டும் வெளியே.
மெல்பேண் கராஜில் மூன்று மாதம்
முழங்கால் தேயக் குந்தியிருந்து
இந்தப் பழைய தபால் வானுக்குள்
கட்டில், அடுப்பு, இரண்டாவது பற்றரி
எல்லாம் வைத்தது இரண்டு பேரும்தான்.
பிழைத்தால் மட்டும் என்னுடைய வான்.

பிரிட்ஜ் சத்தமில்லை.
உள்ளே என் இன்சுலின், ஆறு பேனைகள்,
ஒரு தயிர்ப் பேணி, வெட்டின எலுமிச்சை.
திறக்காமல் கதவில் கைவைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

பக்கத்துக் கரவன் கிளென்,
சிப்பிப் பண்ணைக்குப் புறப்பட்டவன்,
ஜம்பர் வயர் எடுத்துவரப் போனான்.
அந்த இடைவெளியில்
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இருக்கைக்குக் கீழே ஊர்ந்தேன்.
பிரிட்ஜ் வயரை விரலால் தொடர்ந்துபோக
அது நேரே போய் நின்றது
எஞ்சின் பற்றரியில்.
இரவிரவாக அதைக் குடித்திருக்கிறது.

வயரில் வெள்ளை டேப், நீல மை: 'பிரிட்ஜ்.'
ஜ-வின் வாலை இப்படி இழுக்கிற ஆள்
இந்தக் கண்டத்தில் ஒருவர்தான்.

கழற்றி இரண்டாவதில் பூட்டினேன்.
பிரிட்ஜ் முனகியது.
டேப்பை உரித்தேன்.

சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பு, வெறும் இரும்பில்.
வான் பிடித்துக்கொண்டது.
"நிறுத்திப்போடாதீங்கள்" என்று
கிளென் கையைச் சுழற்றிக் காட்டினான்.

மேற்கே, வெறும் கோதுமைத் தாள்.
மீற்றர் என் மடியில்.
முதல் பற்றரி வயிறு நிறையுமட்டும்
ரிலே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
கலியாண மண்டபத்தில்
இரண்டாம் பந்தியை மறிக்கிற ஆள் மாதிரி.
வண்டி நின்றால் திரும்பவும் சாத்திவிடும்.
இரவு நாங்கள் எவ்வளவு செலவழித்தாலும்
காலையில் எழும்ப ஒன்று மிஞ்சவேண்டும்;
அதற்குத்தான் இரண்டு.
அதற்குத்தான் அந்தக் கதவு.

பன்னிரண்டு தசம் ஒன்பது.
பதின்மூன்று.
அவர் கேட்கவில்லை, நான் வாசித்தேன்.

பெனோங் காற்றாடிகள் தெரியத் தொடங்க
காலடியில் 'டக்.'
"கேட்டதே?"
"ஓம்."

கொஞ்சத் தூரம் போனபிறகு
"மாற்றி நல்லாப் பூட்டியிருக்கிறாய்" என்றார்,
ரோட்டைப் பார்த்தபடி.
"எது பிழைச்சது?"

டேப் என் பெருவிரலில் சுற்றியிருந்தது,
பசை இன்னும் உயிரோடு.

"பதின்மூன்று தசம் ஆறு" என்றேன்.