எதிர்த்தரப்பு

டோக்கன் எண் நாற்பத்தேழு.
ஆல்டர்ஷா நகர்மன்றத்தின் காத்திருப்புக் கூடத்தில்
ரேடியேட்டருக்கு மேலே
மாட்டி வைத்திருக்கிறார்கள் எஸ்ரா அம்ப்ளரை.
தங்கச் சங்கிலி. புதர் மாதிரிக் கிருதா.
பக்கத்து மேசையில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர்,
குடிக்காதது.
பித்தளைத் தகட்டில் இரண்டே சொல்:
வழக்கறிஞர். மேயர்.

மிச்சத்தை நூலகத்துப் பழைய செய்தித்தாள்களில் படித்தேன்,
வேலையில்லாத ஒரு நவம்பர் முழுக்க.

1851. ஹெப்ஸிபா என்ற சலவைக்காரி
படுக்கை விரிப்பு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு
கோர்ட்டுக்கு வந்தாள்.
சாயப்பட்டறை திங்களன்று நீலம் திறந்துவிடும்,
வியாழனன்று அரக்கு.
ஆற்றுக்கு என்ன கிழமையோ
அவள் துணிக்கும் அதே கிழமை.
பட்டறைக்காக ஆஜரானவர் அம்ப்ளர், வயது முப்பது.
"வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது
உன் தொழில்தானே அம்மா?"
கோர்ட் சிரித்தது. நீதிபதியும்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நேற்று ஓடிய தண்ணீரை
யாராலும் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது."
வழக்கு தள்ளுபடி. செலவுத்தொகை அவள் தலையில்.

அந்த ஒரு வாக்கியம்
அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்தது.
குதிரை வண்டி. நல்ல மாமனார். ஒரு வார்டு.
பதினாலு வருஷம் கழித்துச் சங்கிலி.

சங்கிலி போட்ட மறு கோடையில் காலரா.
ஆற்றோரத் தெருவில் மட்டும் எழுபத்தொரு பேர்.
வீடு வீடாக நடந்தார் மேயர் என்கிறது ஒரு பத்திரிகை.
வண்டியை விட்டு இறங்கவேயில்லை என்கிறது இன்னொன்று.
எப்படியோ, செப்டம்பரில்
பட்டறைகள்மேல் வழக்குப் போட்டது நகர்மன்றம்.

எதிர்த்தரப்பில் மீசை முளைக்காத வக்கீல்.
மஞ்சளேறிய கட்டைப் பிரித்து
நிறுத்தி நிறுத்தி வாசித்தான்:
நேற்று ஓடிய தண்ணீரை...
கோர்ட் மறுபடி சிரித்தது.
மேயர் எழுந்தார்.
"நல்ல வாக்கியம்.
பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்."
நிருபர் அதற்குப் பிறகு
ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார்.

தோற்றார்கள்.
மலையில் ஏரி வெட்டி, சொந்தக் காசில்
குழாய் இழுத்துக்கொண்டது ஊர்.
திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பட்டியல் நாலு பத்தி.
ஹெப்ஸிபாவை எந்தத் தாளிலும்
அதற்குமேல் காணவில்லை.

நாற்பத்தேழு!
தண்ணீர்க் கட்டண ரசீதை நீட்டுகிறேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
அன்பாகத்தான் சொல்கிறாள் அந்தப் பெண்:
"தண்ணீர் இப்போது எங்களிடம் இல்லையே.
அது கம்பெனி. அவர்களுக்கு எழுதுங்கள்."

கோட்டை மாட்டியபடி இன்னொரு தடவை பார்த்தேன்.
தம்ளரின் அடியில்
லேசாக நீலம் தொட்டிருக்கிறான் ஓவியன்.
நிழலாகவும் இருக்கலாம்.