பதினான்கு விநாடி

நாங்கள் குடியிருப்பதே வாதி கபீரில்.
பெரிய ஆறு என்று பொருளாம்.
பதினேழு வருஷத்தில் இங்கே நான் கண்ட ஓட்டம்
ஏசிக் குழாயிலிருந்து வாளிக்குச் சொட்டுவதுதான்.

வியாழன் இரவு ரில்வான் கேட்டான்:
செசில் வண்டி எடுக்கிறான் உம்மா,
ருஸ்தாக்குக்கு மேலே ஒரு வாதி,
மக்ரிபுக்குள் வந்துவிடுவோம்.
வாப்பாவிடம் கேள் என்றேன்.
உம்மாவிடம் கேள் என்றார்.
இரண்டு பேரும் சொல்லாத சம்மதத்தை
எடுத்துக்கொண்டு போனான்,
கூடவே ஆறு புரோட்டா, ஒரு டப்பா டியூனா,
விலைச்சீட்டு பிய்க்காத புதுச் சப்பாத்து.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வரும்போது
மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது.
எங்கள் மாடியில் துணி மொறுமொறுவென்று காய்ந்தது.
இந்த ஊர் மழையின் வஞ்சகம் அது:
எங்கோ பெய்யும்,
வெயிலில் நிற்பவனைத் தேடி வரும்.
சாலை தாழும் இடங்களில்
சிவப்பு வெள்ளைக் கம்பு நட்டிருக்கிறார்கள்,
தண்ணீர் சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்து என்று.
பாறைமேல் நடந்து போகிறவனுக்கு
யார் நட்டார்கள் கம்பு?

மூன்று மணிக்கு அனுப்பிய செய்திக்கு ஒற்றைக் குறி.
ஐந்துக்கும்.
எட்டுக்கும்.

செசிலின் அம்மா போன் போட்டாள்,
பேச ஒன்றுமில்லை, வைக்கவும் இல்லை.
நான் யாசீன் ஓதினேன்,
அவள் ஜெபமாலை சொன்னாள்,
ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றையொன்று முந்தின.
இவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து
அடுத்த வாரத்துச் சட்டை ஐந்தையும் தேய்த்தார்.
தேய்த்ததையே மறுபடி விரித்தார்.

இரண்டு மணிக்கு லிஃப்ட் திறந்தது.
யாரோ தந்த சாம்பல் நிறக் கம்பளி,
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
"வண்டி?" என்றார் இவர்.
வேறு சொல் எதுவும் வாயில் வரவில்லை அவருக்கு.
நான் அறைந்தேன்.
கையைப் பார்த்தால் சேறு.
லிஃப்ட், பள்ளி பஸ், வகுப்பு, லிஃப்ட் என்று
மண் மிதிக்காமல் வளர்த்த பிள்ளை
இந்த வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் சேறு.

வண்டிக்கு இன்னும் இருபத்தெட்டுத் தவணை.
பாதி நம்முடையது என்றார்.
நான் மறுக்கவில்லை.
செசிலின் அம்மா பணத்தை வாங்கிக்கொண்டாள்,
அதற்குப் பிறகு போன் இல்லை.

தர்ஷனின் கைப்பேசியில் வீடியோ ஒன்று தப்பித்திருந்தது.
பதினான்கு விநாடி.
வானம் நீலம்.
முதலில் சத்தம் வருகிறது, லாரி ஏற்றம் ஏறுவதுபோல.
பிறகு சுள்ளிகள், ஒரு நீல டிரம்,
பிறகு தேயிலைச் சாயத்தில் ஒரு சுவர்.
ஏறுடா ஏறுடா என்கிறது ஒரு குரல்.
பாறையைப் பற்றியபடி
ரில்வான் திரும்பிப் பார்க்கிறான்,
சிரிக்கிறான்.

அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி
எத்தனை இரவு பார்த்திருப்பேன்.
வெள்ளத்தைப் பார்க்கப் பழகிவிட்டது.
சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.
திமிர் இல்லை அது, வீரமும் இல்லை.
எங்கோ பார்த்த சிரிப்பு.

நேற்றுத்தான் பிடிபட்டது.
அவனுக்குப் பத்து மாதம்.
இதே கூடத்தில், இதே மின்விசிறிக்குக் கீழே
இவர் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்.
விசிறி விசிறி என்று நான் அலறுவேன்.
அலற அலற இவர் இன்னும் உயரப் போடுவார்.
மேலே, கைகள் விட்ட அந்த ஒரு கணத்தில்
பிள்ளை சிரிப்பான்.
நானும் சிரித்திருக்கிறேன்.

இன்று வியாழன்.
சாவி மாட்டும் ஆணியருகே
ஏதோ தேடுவதுபோல நிற்கிறான்.
வாப்பாவிடம் கேள் என்று
வாய் வரை வந்ததை விழுங்கினேன்.
"எந்த வாதி? பெயரைச் சொல்.
யார் யார்?
மேலே மலையில் என்ன வானிலை போட்டிருக்கிறான்?"

ஒவ்வொன்றாகச் சொன்னான்,
என் கண்ணைப் பார்த்து.
உள்ளறையில் இவர்
இஸ்திரிப் பெட்டியின் வயரை
அவிழ்க்கும் சத்தம் கேட்டது.